இந்தப் பக்கம் வெளியே

முதலில் அந்தக் குறட்டைக் கீழே வை. மற்ற பேச்செல்லாம் அப்புறம். அதைக் கீழே வை.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் அவளுடைய ஓடு வெட்டும் குறடு. பேச்சுக்குப் பேச்சு அதைத் திறந்து மூடினான். டக், டக். நடுவில் ஓடு இல்லாமல் இப்படி அடித்துக்கொண்டே இருந்தால் முனை மழுங்கிவிடும் என்று இருபது வருடமாக டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். தன் ஆட்கள் யாராவது தன் குறட்டை இப்படிச் செய்தால் கையை உடைத்திருப்பான். இது அண்ணியின் குறடு. அண்ணியின் குறடு விளையாட்டுச் சாமான்.

"என்ன அண்ணி, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்குச் சில்லு பொறுக்கிட்டிருக்கீங்க?"

"கேட்டுட்டுதான் இருக்கேன் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. மேசை முழுக்க ஐஸ்கிரீம் டப்பாக்கள். உடைந்த ஓட்டுச் சில்லுகளை நிறம் பார்த்து அவள் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சோபாவில் கணவன் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தான்; கால் மணி நேரமாக அதே பக்கம். அறை வாசலில் மகள் ஈரத்தலையைத் துவட்டியபடி நின்றாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிறவள். குளித்து முடித்து அரை மணி ஆகியும் தலை இன்னும் காயவில்லை என்றால், இங்கே நடப்பதை விட்டுப் போக மனமில்லை என்று பொருள்.

"டாக்டரம்மாவுக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு, அண்ணி. பழைய கோட்டைச் சுவர் மாதிரி இருக்காம். இப்படியும் யோசிக்க ஒரு ஆளு இருக்காங்களான்னு கேட்டாங்க. புதன்கிழமை திறப்பு விழா. பத்திரிகையில இருந்து ஒரு பொண்ணு வருதாம். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும், ஒரு போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான்." கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை ஓட்டையும் ஒரு கறுப்புப் பேனாவையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினான். "இதுல உங்க பேரை எழுதிக் குடுங்க. ஓரத்துல ஒரு சில்லை எடுத்துட்டு இதைப் பதிச்சிடறேன். பேர் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

பேர் வேண்டும் என்று அவள் கேட்டது உண்மைதான். ஏழு மாதத்துக்கு முன்னால்.

குழந்தைகளுக்கான புது மருத்துவமனை அது. தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் போடும் வேலை முழுக்கக் கொழுந்தனுடையது. அந்த டாக்டரம்மா ஏதோ வேலையாக அவன் வீட்டுக்கு வந்தபோது, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி அவள் சில்லு பதித்துக் கொடுத்திருந்த சட்டத்தைப் பார்த்திருக்கிறார். காத்திருக்கும் கூடத்தில் ஏழடிக்கு நாலடி சுவர் ஒன்று சும்மா இருக்கிறது, அதில் இப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். "எங்க அண்ணிதான். வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்வாங்க" என்று இவன் சொல்லி வைத்தான். சும்மா இருக்கிற நேரம். அப்படி ஒரு நேரம் இந்த வீட்டுக் கடிகாரத்தில் எங்கே இருக்கிறது என்று அவள் தேடிப் பார்த்ததுண்டு.

அப்போதுதான் கேட்டாள். கீழ்மூலையில், விரல் நகம் அளவுக்கு, பேர் போட்டுக்கொள்ளலாமா?

"சுவர்ல பேர் எழுதினா பஸ் ஸ்டாண்டு சுவர் மாதிரி ஆயிடும், அண்ணி. பக்கத்துலயே இதயம் போட்டு அம்பு விட்டுடுவானுங்க" என்றான் கொழுந்தன். கணவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் உறுத்துகிறது. அவர்கள் சிரித்ததை விடுங்கள், அவளை யார் சிரிக்கச் சொன்னார்கள்?

ஆறு மாதம் வேலை. ஒரு குளம், கரையோரம் கோரைப்புல், மேலிருந்து தண்ணீருக்குள் பாய்கிற மீன்கொத்தி. ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று கோரைக்குள்ளும் நிழலுக்குள்ளும் பதினொரு மீன்களை ஒளித்து வைத்தாள். ஒன்பதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். பத்தாவதற்குக் கொஞ்சம் குனிய வேண்டும். பதினொன்றாவது மீன்கொத்தியின் நிழலே.

சில்லுகளை நேராகப் பலகையில் ஒட்டிக்கொண்டே போவது ஒரு வழி. அதில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும். அலங்காரத் தட்டுக்கும் பூச்சாடிக்கும் அது போதும். ஆனால் பிள்ளைகள் படத்தைக் கண்ணால் மட்டும் பார்க்க மாட்டார்கள். உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். ஒரு விளிம்பு தூக்கியிருந்தாலும் கை கிழியும். அதனால் அவள் கவிழ்த்து ஒட்டும் வழியை எடுத்துக்கொண்டாள். பழுப்புக் காகிதத்தில் படத்தை இடவலமாகத் திருப்பி வரைய வேண்டும். ஒவ்வொரு சில்லின் வண்ண முகத்திலும் மைதாப் பசை தடவி, அந்த முகம் காகிதத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சில்லுகளின் முதுகைச் சிமெண்டில் அழுத்தினால், காகிதம் வெளியே நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிக் காகிதத்தை உரித்தால் படம் வெளியே வரும், கண்ணாடி போல வழுவழுவென்று.

ஆறு மாதமும் அவள் பார்த்தது முதுகைத்தான். செங்கல் நிறத்தில், வரி வரியாக மேடு போட்ட ஓட்டு முதுகு. ஒவ்வொரு சில்லும் ஒரு நொடி தன் நீலத்தைக் காட்டிவிட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் எது நீலம், எது கரும்பச்சை என்பது அவள் நினைவில் மட்டும்தான். வலது சிறகு வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒட்டினாள். இடமாகப் பாய வேண்டிய பறவையை வலமாகப் பாயவிட்டாள். ஆறு மாதம் தலைக்குள் உலகத்தையே திருப்பிப் போட்டு வைத்துக்கொண்டு, அதே தலையோடு சோறு வடித்தாள், துணி மடித்தாள், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மேசையில் வேலை நடந்ததால் எல்லோரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். "நம்ம வீட்டுல மீன்கொத்திதான் மேசையில சாப்பிடுது, நாமெல்லாம் தரை டிக்கெட்டு" என்று கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஒருநாள் அவனை உட்கார வைத்து, விரலால் தொட்டுக் காட்டி, முகம் எது முதுகு எது, காகிதம் ஏன் வெளியே வரவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். அவன் தலையாட்டினான். இரண்டு தடவை ஆட்டினான். தொலைக்காட்சியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் காகிதத்தைப் பதினாலு துண்டாக வெட்டி எண் போட்டாள். ஒவ்வொரு துண்டின் காகிதத்திலும் சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போட்டு எழுதினாள்: இந்தப் பக்கம் வெளியே. பதினாலு தடவை எழுதினாள். கட்டிலுக்கு அடியில் பலகை பலகையாக அடுக்கி வைத்தாள். சனிக்கிழமை சுவரில் பதிப்பதாகப் பேச்சு. அன்றைக்குத்தான் அவளே முதல் தடவையாக முன்பக்கத்தைப் பார்ப்பாள்.

அதற்குள் செவ்வாய்க்கிழமை அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அக்காவுக்குத் துணையாக இவள் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வந்துடுவேன். சனிக்கிழமை நானே கூட நின்னு பதிக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க." கணவன் தலையாட்டினான்.

நேற்றுக் காலை அவள் வாளியும் ஸ்பாஞ்சும் எடுத்து வைத்தபோது அவன் குறும்பாகச் சிரித்தான். "வாளியெல்லாம் எதுக்கு? வெறுங்கையோட போ. உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு."

வாளியோடுதான் போனாள்.

கூடத்தில் புதுப் பெயிண்ட் வாசனை. குழந்தைகளுக்கான குட்டைப் பெஞ்சுகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், சுவரை ஒட்டி வரிசையாகப் போட்டிருந்தன. அதற்கு மேலே ஏழடிக்கு நாலடி செங்கல் நிறம். வரி வரியாக மேடு. ஓட்டுக் கம்பெனிக்காரர்கள் பின்பக்கம் அச்சடித்திருக்கிற பாதி எழுத்துகள், பாதி எண்கள், உடைந்த முத்திரைகள். ஆறு மாதமாக அவள் பார்த்துப் பார்த்து அலுத்த அதே முதுகு. கண்ணாடித் துண்டுகளுக்கு முன்னும் பின்னும் ஒன்றே என்பதால், கோரையில் அங்கங்கே பாட்டில் பச்சை தெரிந்தது. மீன்கொத்தியின் கறுப்புக் கண்ணாடிக் கண் மட்டும் அந்தச் சிவப்புக்கு நடுவிலிருந்து அவளைப் பார்த்தது. வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்பட்டவள் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதைப் போல.

அவள் கையை வைத்தாள். உள்ளங்கை கிழிந்தது.

கந்தையால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்த கொத்தனார் பதறிப்போனார். "பார்த்தும்மா! ஓரமெல்லாம் கத்தி மாதிரி நிக்குது. நீங்கதான் சாரோட அண்ணியா?"

"காகிதம் எங்கே?"

"உள்ள இருக்கும்மா. சிமெண்ட்டுக்குள்ள."

"எழுதியிருந்ததே."

கொத்தனார் கந்தையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எழுதியிருந்துச்சும்மா. நான் சாருக்குப் படிச்சும் காட்டினேன். பேப்பரோ வலையோ எப்பவும் சிமெண்ட் பக்கம்தான்யா போகும், அண்ணி மாத்தி எழுதிட்டாங்கன்னாரு. கடையில வர்ற டைல்ஸ் ஷீட்டெல்லாம் அப்படித்தாம்மா, வலை பின்னாடி இருக்கும். ஆனா எனக்கு மனசு ஒப்பல. பதினாலு தடவையா ஒருத்தங்க மாத்தி எழுதுவாங்கன்னு கேட்டேன். அப்புறம்தான் சார் உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டாரு. அவரும் சரின்னு சொல்லிட்டாராம். நான் கூலிக்காரன், இன்னும் என்னத்தைச் சொல்லட்டும்?"

அந்தச் சுவருக்கும் அவளுக்கும் முன்பின் பழக்கமில்லாத ஒரு மனிதருக்கு மனசு ஒப்பவில்லை. அதைத்தான் அவள் பேருந்தில் திரும்பி வரும்போது திரும்பத் திரும்ப நினைத்தாள். காலியான வாளி மடியில் இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தால் கண்ணீர் முந்திக்கொள்வது வழக்கம். அதுதான் இந்த வீட்டுக்கு வசதி. கண்ணீர் வந்தால் "சரி, சரி, அழாதே" என்று ஒரு டம்ளர் தண்ணீர் வரும், கோபம் என்ன கேட்டதென்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, சமயத்தில் அவளுக்கே இருக்காது. நேற்று கண்ணீர் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு ஒன்று. உள்ளங்காலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, நெஞ்சுக்கு வந்ததும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. போகிற எண்ணத்தோடு வந்ததாகத் தெரியவில்லை.

"எப்படி? சர்ப்ரைஸ்?" என்று கேட்டான் கணவன்.

"பார்த்தேன்" என்றாள்.

அவனாகச் சொல்வான் என்று காத்திருந்தாள். தம்பி போன் செய்தான், நான் இப்படிச் சொன்னேன் என்று ஒரு வாக்கியம். கையில் கட்டிய துணியைப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்டான், "சுவர் கிழிச்சிடுச்சு" என்றாள், "பார்த்துப் போகக் கூடாதா?" என்றான். இப்போது விடிந்து பதினோரு மணி. கொழுந்தன் வந்தாயிற்று. கணவன் இன்னும் செய்தித்தாளின் அதே பக்கத்தில்தான் இருந்தான்.

டக், டக்.

"அந்தக் குறட்டைக் கீழே வைங்க தம்பி."

கொழுந்தன் வைத்துவிட்டான். அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், வாசலில் துவட்டுகிற கையும் நின்றது.

"நீங்க மாத்தி ஒட்டிட்டீங்க" என்றாள். "படம் உள்ளே இருக்கு. வெளியே இருக்கிறது பின்பக்கம்."

"அதான் நல்லதாப் போச்சேங்கறேன்!" கொழுந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நேத்து சாயந்திரம்தான் அண்ணன் சொன்னாரு, நீங்க கொஞ்சம் டல்லா இருக்கீங்கன்னு. எனக்கும் கொத்தனார் சொன்னதுக்கு அப்புறம் சந்தேகம்தான். சரி, டாக்டரம்மா என்ன சொல்லப் போறாங்களோன்னு பயந்துட்டுத்தான் போய் நின்னேன். பார்த்தா, அவங்களுக்கு அப்படியே பிடிச்சிருக்கு! மீன்கொத்தின்னு சொன்னீங்களே, எங்கேன்னு கேட்டாங்க. நான் விடுவேனா? அது மறைஞ்சிருக்கு டாக்டர், அண்ணி வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்காங்க, பார்க்கிறவங்க மனசுல தெரியணும்னு சொன்னேன். அப்படியே உருகிட்டாங்க."

"சித்தப்பா, நீங்க டைல்ஸ் போடறதை விட்டுட்டுக் கட்சியில சேர்ந்துடலாம்" என்றாள் மகள்.

"நீ போய்ப் படி" என்றது செய்தித்தாள்.

"ஞாயித்துக்கிழமைப்பா."

அவள் டப்பாவிலிருந்து ஒரு நீலச் சில்லை எடுத்தாள். மீன்கொத்தியின் முதுகுக்கு வெட்டியதில் மிச்சம். இந்த நீலத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கினாள். அது இப்போது சிமெண்டுக்குள் இருட்டில் கிடக்கிறது, அதைப்போல நானூறு. ஒன்றுகூட வெளிச்சத்தைப் பார்க்கப் போவதில்லை. அவளும் பார்க்கப் போவதில்லை. ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்று, முகத்தைக் காட்டாமலே கொண்டுபோய்விட்டு, பிள்ளை ரொம்ப அழகு, பேர் வை என்கிறார்கள்.

"அன்னைக்குப் போன்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

கேள்வி யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. செய்தித்தாள் இறங்கவில்லை.

"எந்தப் போன்?"

"தம்பி சுவர்கிட்ட நின்னு போட்ட போன். காகிதத்துல இப்படி எழுதியிருக்கு, என்ன செய்யறதுன்னு கேட்டாரே."

"ஆமா, ஏதோ கேட்டான். ஆபீஸ்ல வேலையா இருந்தேன். நீ பார்த்துச் செய்யுன்னு சொல்லியிருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"என்னம்மா இது, விசாரணை மாதிரி?"

"அட, மறைக்க என்னண்ணே இருக்கு?" கொழுந்தன் சிரித்தான். நிலைமையை இலேசாக்குகிறோம் என்று உண்மையாகவே நம்புகிறவனின் சிரிப்பு அது. "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை போன்ல கேட்டுடட்டுமாண்ணேன்னு கேட்டேன். எதுக்குடா, அவளுக்கு இடது வலதே குழம்பும், ஸ்கூட்டர் கதை மறந்துட்டியான்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ்வளவுதான் அண்ணி."

ஸ்கூட்டர் கதை. பதினெட்டு வருடத்துக்கு முன் வண்டி ஓட்டப் பழகும்போது கணவன் பின்னால் உட்கார்ந்து இடது என்று கத்த, அவள் வலதுபக்கம் திருப்பி ஒரு காய்கறி வண்டியில் கொண்டுபோய் விட்டாள். அன்று அவளுக்கு ஐந்து மாதம் வயிறு, ஆனால் கதையில் அது வராது. தக்காளி உருண்டதுதான் வரும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவன் அந்தத் தக்காளிகளை உருட்டிக் காட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் காபியோ தண்ணீரோ கொண்டுவந்து வைத்துக்கொண்டே சிரித்திருக்கிறாள்.

நேற்றிலிருந்து சுவருக்காகத்தான் கோபம் என்று நினைத்திருந்தாள். இல்லை. தவறாகப் பதித்தது தொழிலில் நடக்கிற தவறு. தெரியாமல் நடந்தது என்றால் ஒரு நாள் அழுதுவிட்டு இன்னொன்று செய்யத் தொடங்கியிருப்பாள். அவள் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார்கள். படித்துப் புரிந்தும் இருக்கிறது. புரிந்த பிறகு, எழுதியது அவள் என்பதால் அது தவறாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள், கையில் போனோடு. ஒரு தடவை அடித்திருந்தால் எடுத்திருப்பாள். தெரியாதவர்களை மன்னிக்கலாம். இவர்களுக்கு அவளிடம் கேட்பது தேவையில்லாமல் போயிருந்தது.

அந்தத் தலையாட்டல் ஞாபகம் வந்தது. இரண்டு தடவை ஆட்டினானே. இப்படி எத்தனை தலையாட்டல்களைக் கேட்டுக்கொண்டதாகக் கணக்கில் வைத்துக்கொண்டு இவ்வளவு வருடம் பேசியிருக்கிறாள்! சுவரிடம் பேசியிருந்தால்கூடக் குரல் திரும்பி வந்திருக்கும்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. சும்மா தமாஷுக்கு..."

"தம்பி, இதுல பேரை எந்தப் பக்கம் எழுதணும்?" அவள் அந்த வெள்ளை ஓட்டைக் கையில் எடுத்திருந்தாள்.

கொழுந்தன் முகம் மலர்ந்தது. வழிக்கு வந்துவிட்டாள். "என்ன அண்ணி கேள்வி? வழவழன்னு இருக்கிற பக்கம்தான்."

"ஏன் இந்தப் பக்கம் எழுதக் கூடாது?" அவள் திருப்பிக் காட்டினாள். வரி வரியாக மேடு.

"அது சிமெண்ட் பிடிக்கிறதுக்குங்க. அந்த வரியில போய்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

வாசலில் மகள் துண்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சிமெண்ட் பிடிக்கிறதுக்கு" என்றாள் அவள். "ஆமா. வரி உங்க பக்கம் இல்லையே, வெளியேதானே இருக்கு. அப்போ உங்க சிமெண்ட் எதைப் பிடிச்சிட்டிருக்கு?"

கொழுந்தன் மேசையைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. தொழில் தெரிந்தவன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"காகிதத்தை" என்று அவளே சொன்னாள். "நான் மைதாவுல பசை காய்ச்சி ஒட்டின காகிதத்தை. ஈரம் பட்டா உரிஞ்சு வரணும்னே காய்ச்சின பசை. சில்லுக்கும் சில்லுக்கும் நடுவுல நீங்க பூசினது இப்போதைக்குப் பிடிச்சிட்டிருக்கு. நாலு தடவை சுவரைக் கழுவட்டும். ஒரு மழைக்காலம் வரட்டும். ஏழடியும் சேர்ந்தாப்பல வரும். கீழே பெஞ்சு போட்டிருக்கு. பிள்ளைங்க உட்கார்ற பெஞ்சு."

செய்தித்தாள் கடைசியில் இறங்கியது. கணவனின் முகம் அதற்குப் பின்னால் சற்று வெளிறித் தெரிந்தது.

"ஏன்டா, அப்படியா?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டான்.

அவள் சொல்லி முடித்த பிறகும் தம்பியைத்தான் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளையாக வெளியே வரவில்லை.

"உடனேயெல்லாம் விழாதுண்ணே" என்றான் கொழுந்தன். குரல் இறங்கியிருந்தது. "ஆறு மாசம், எட்டு மாசம் தாங்கும். திறப்பு விழா முடியட்டும். அப்புறம் சத்தமில்லாம ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வேற போட்டுடலாம். இப்போ எடுத்தா என் மானம் கப்பலேறிடும். அடுத்து ரெண்டு மாடி வேலை அவங்ககிட்டதான் இருக்கு. அண்ணி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். பேரை மட்டும் எழுதிக் குடுங்க."

"அவன்தான் இவ்வளவு சொல்றானே" என்று கணவன் எழுந்து வந்தான். மேசைக்கு அருகில் நின்றான், தோளில் கை வைக்கலாமா என்று யோசிக்கிறவனைப் போல. "பேர் வேணும்னு நீதானேம்மா ஆசைப்பட்டே? உன் பேர் பத்திரிகையில வரும். எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இரு. அப்புறம் நீ சொல்றபடி செய்யலாம்."

நீ சொல்றபடி. அவள் சொன்னபடி பதினாலு தடவை எழுதியிருந்தது.

"என் பேரைப் போட்டா, விழுறப்போ யார் செஞ்சதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "அவளுக்கு இடது வலதே குழம்பும்னா?"

கணவனின் கை தோளுக்கு வராமலே திரும்பிப் போனது.

"அம்மா கேக்கறது நியாயம்தானேப்பா" என்றாள் மகள்.

"பெரியவங்க பேசற இடத்துல உனக்கு என்ன வேலை?"

"நான் தலை துவட்டறேன்."

அப்போது கொழுந்தனின் போன் மேசைமேல் அதிர்ந்தது. சில்லு டப்பாக்களெல்லாம் சேர்ந்து கலகலவென்றன. அவன் திரையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "டாக்டரம்மா. பதினொன்றரைக்கு அண்ணிகூடப் பேசறேன்னு சொல்லியிருந்தாங்க. பத்திரிகைக்குப் பேரு சரியா வேணுமாம்." போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, குழைந்த குரலில் வணக்கம் சொன்னான். இதோ பக்கத்திலேயே இருக்கிறார்கள், கொடுக்கிறேன் என்றான். பிறகு உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொண்டு அவள் முன்னால் நீட்டினான். கண்கள் கெஞ்சின.

"ஆமான்னு மட்டும் சொல்லுங்க, அண்ணி. ஒரே வார்த்தை."

"ஆமான்னு சொல்லு" என்றான் கணவனும், மூச்சுக்குள்.

அவள் விரல்களில் ஓட்டுத்தூள் ஒட்டியிருந்தது. துணி கட்டாத கையைப் புடவைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்தாள். வெள்ளை ஓட்டைக் கொழுந்தன் பக்கமே தள்ளி வைத்தாள், வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி. பேனாவை மூடி போட்டு அதன் பக்கத்தில் வைத்தாள். போனை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கம் டாக்டர்."

"வணக்கம்மா! உங்க வேலையைப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். இப்படி ஒரு யோசனை எப்படித் தோணுச்சு உங்களுக்கு? முதல்ல உங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவள் குரல் உயரவில்லை. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரல்தான்.

"எழுத வேண்டாம் டாக்டர். அதுல என் பேரைப் போட எனக்குச் சம்மதமில்லை. நான் செஞ்ச படம் சுவருக்குள்ள இருக்கு. நீங்க பார்க்கிறது அதோட பின்பக்கம், தெரியாம மாத்திப் பதிச்சிட்டாங்க. அது நிக்காது." கொழுந்தன் நாற்காலியில் உட்காருகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மத்ததெல்லாம் நேர்ல வந்து சொல்றேன். இப்போ அங்க யாராவது ஆள் இருந்தா, சுவருக்குக் கீழே போட்டிருக்கிற பெஞ்சை மட்டும் நகர்த்தி வைக்கச் சொல்லுங்க."